சின்னஞ்சிறு இறாலும் பெங்களூர்த் தண்ணீரும்

ஊர் விட்டு ஊர் சென்று குடியேறுகிறவர்கள் முதன்முதலாகச் சொல்லும் குறை ஒன்று உண்டு. "இந்த ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை" என்பதே அது. தலைமுடி உதிர்ந்தாலும் தண்ணீர்மேல் பழி. பருப்பு வேகாவிட்டாலும் தண்ணீர்மேல் பழி. குழந்தைக்கு வயிறு சரியில்லை என்றாலும் தண்ணீர்மேல்தான் பழி. இந்தப் பேச்சில் மிகையும் உண்டு, உண்மையும் உண்டு. எப்படியிருப்பினும் மனிதன் நாளடைவில் புதிய ஊரின் தண்ணீருக்குப் பழகிவிடுகிறான். காய்ச்சிக் குடிக்கிறான், வடிகட்டிக் குடிக்கிறான். ஆனால் தண்ணீரிலேயே பிறந்து, தண்ணீரிலேயே மூச்சுவிட்டு, தண்ணீரிலிருந்தே தன் உடற்கவசத்துக்கு வேண்டிய சுண்ணச் சத்தைப் பெறுகின்ற ஓர் உயிருக்குத் தண்ணீர் ஒத்துக்கொள்ளாவிட்டால் என்ன ஆகும்? அதற்குச் சமாளிப்பு என்பது மிகக் குறைவு. பெரும்பாலும் மரணமே முடிவு.

கண்ணாடித் தொட்டியில் அலங்கார மீன் வளர்ப்பது நம்மவருக்குப் புதிதன்று. சென்னைக் கொளத்தூர் இத்தொழிலுக்குப் பெயர் பெற்ற இடம். அண்மைக் காலத்தில் மீனோடு சிறிய நன்னீர் இறால்களையும் வளர்க்கும் வழக்கம் பரவியிருக்கிறது. பெங்களூரில் சிறிய வீடுகளிலும் அடுக்குமாடி இல்லங்களிலும் வாழ்வோருக்கு இது மிகவும் ஏற்ற பொழுதுபோக்கு. இருபது லிட்டர் கொள்ளும் சிறு தொட்டியே போதும், ஓசை இல்லை, உணவுச் செலவும் சொற்பம். ஆயினும் ஒரு துன்பம் பலருக்கும் பொதுவாக நேர்கிறது. வாங்கி வந்த இறால்கள் முதல் நாள் துள்ளி விளையாடுகின்றன. பத்தாம் நாள் ஒன்று இறந்து கிடக்கிறது. பிறகு நாளுக்கொன்றாகக் குறைந்து, ஒரு திங்களில் தொட்டி வெறுமையாகிறது. ஆசையோடு எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்த குழந்தைகளுக்கு விடை சொல்ல முடியாமல் பெற்றோர் விற்றவரைக் குறை கூறுகின்றனர், நோய் என்கின்றனர், கண்ணேறு என்றுகூடச் சொல்லிவிடுகின்றனர். உண்மையான காரணம் பெரும்பாலும் வீட்டுக் குழாயில் இருக்கிறது. அதனை அறிந்து திருத்துவது எவ்வாறு என்பதை இங்கே காண்போம்.

முதலில் இந்த உயிர்களின் பிறந்தகத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். நம் கடைகளில் மிகுதியாகக் கிடைப்பது செர்ரி இறால். இரண்டு, மூன்று சென்டிமீட்டர் நீளமே வளரும். சீனா, தைவான் முதலிய கீழை நாடுகளின் ஓடைகள் இதன் தாயகம். அங்கே இயற்கையில் இது மங்கிய பழுப்பு நிறத்தது. சிவப்பும் மஞ்சளும் நீலமும் மனிதர் பல தலைமுறைகளாகப் பொறுக்கி வளர்த்ததனால் வந்தவை. இரண்டாவது வகை தேனீ இறால். இது தென்சீனத்து மலையோடைகளைச் சேர்ந்தது. 1990-களில் ஜப்பானில் ஹிசயாசு சுஸுகி என்பவர் இவ்வினத்தில் செவ்வெள்ளைப் பட்டை உடையவற்றைப் பொறுக்கிப் பெருக்கினார். அவை இன்று உலகெங்கும் பெரு விலைக்கு விற்கின்றன. செர்ரி இறால் ஓரளவு கடினமான நீரையும் தாங்கும். தேனீ இறாலோ மழைநீரை ஒத்த மென்னீரையும், சற்றே அமிலத் தன்மையையும் வேண்டி நிற்கும். இரண்டும் ஒரே கடையில் அருகருகே இருப்பதால் இரண்டுக்கும் ஒரே தண்ணீர் போதும் என்று எண்ணுவது முதற் பிழை.

இறாலுக்கு எலும்பில்லை, அதன் ஓடுதான் அதற்கு எலும்பு. உடல் வளர்ந்தாலும் ஓடு வளராது. ஆகையால் குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு முறை இறால் தன் பழைய ஓட்டைக் கழற்றி எறிகிறது. பாம்பு சட்டை உரிப்பதைப் போன்றதே இதுவும். கழற்றிய உடனே தண்ணீரை உள்ளே ஈர்த்து உடலைப் பருக்கச் செய்து, மென்மையாக இருக்கும் புதிய ஓட்டை விரித்துக்கொள்ளும். பின்னர் அவ்வோடு கெட்டிப்படுவதற்குச் சுண்ணச் சத்து வேண்டும். அதில் பெரும் பகுதியை இறால் சுற்றியுள்ள நீரிலிருந்தே பெறுகிறது. நீரில் கால்சியம் குறைவாயின் ஓடு இறுகாது. நீரின் உப்புச் செறிவு திடீரென்று மாறினாலோ, காலம் வருமுன்னரே ஓடு கழலத் தொடங்கி, பாதியில் சிக்கிக்கொள்ளும். கழுத்தருகே வெள்ளை வளையம் போன்ற வெடிப்புத் தோன்றிய இறால் பெரும்பாலும் பிழைப்பதில்லை. தொட்டியில் பத்தாம் நாளும் பதினைந்தாம் நாளும் நேரும் இறப்புகளில் பல, இவ்வாறு ஓடு மாற்றும் வேளையில் நேர்பவையே.

இனித் தண்ணீரை அளப்பதற்குரிய அளவைகளைக் காண்போம். அவை நான்கு.

முதலாவது, மொத்தக் கடினத்தன்மை. நீரில் கரைந்துள்ள கால்சியம், மக்னீசியம் ஆகிய இரண்டின் அளவை இது காட்டும். இரண்டாவது, கார்பனேட் கடினத்தன்மை. நீரில் கரைந்துள்ள பைகார்பனேட், கார்பனேட் ஆகியவற்றின் அளவு இது. இவ்விரண்டையும் மீன் வளர்ப்போர் டிகிரிக் கணக்கில் சொல்வர். ஒரு டிகிரி என்பது லிட்டருக்கு ஏறத்தாழ 18 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டுக்குச் சமம். உங்கள் குடியிருப்பின் தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கையில் கடினத்தன்மை 360 மில்லிகிராம் என்றிருந்தால், 18-ஆல் வகுக்க 20 டிகிரி ஆகும். இந்தியத் தர நிர்ணய அமைவனம் குடிநீருக்கு ஏற்கத்தக்க மொத்தக் கடினத்தன்மை 200 மில்லிகிராம் என்றும், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றும் வகுத்துள்ளது. மனிதர் பொறுக்கலாம் என்று வகுத்த 600 மில்லிகிராம், இறாலின் கணக்கில் 33 டிகிரி. செர்ரி இறாலுக்கு உகந்தது 6 முதல் 10 டிகிரி வரையே என்பதை ஒப்பிட்டுப் பார்த்தால் வேறுபாடு விளங்கும்.

மூன்றாவது, பி.எச். எண். கோபன்ஹேகன் நகரில் கார்ல்ஸ்பர்க் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய சோரன்சன் என்ற அறிஞர் 1909-இல் இவ்வளவையை வகுத்தார். 7 என்பது நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். இந்த அளவுகோலில் ஒவ்வொரு படியும் பத்து மடங்கு என்பதை மறத்தலாகாது. எண் 8 உள்ள நீரிலிருந்து 7 உள்ள நீருக்கு இறாலை மாற்றினால், அமிலத் தன்மை ஒன்று கூடிற்று என்பதன்று பொருள். பத்து மடங்கு கூடிற்று என்பதே பொருள்.

நான்காவது, கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவு. டி.டி.எஸ். மீட்டர் என்று சிறு பேனாவைப் போல் விற்கப்படும் கருவி இதனைக் காட்டும். ஆனால் அது நீரின் மின்கடத்தும் திறனைக் கொண்டு கணக்கிட்டுச் சொல்வதே. எவ்வளவு உப்பு என்று ஓரளவு சொல்லுமேயன்றி, எந்த உப்பு என்று சொல்லாது. இந்த ஒரு நுட்பத்தை அறியாமையால் விளையும் கேட்டைச் சற்றுப் பின்னர்ச் சொல்வோம்.

பெங்களூருக்கு வரும் நீரின் வரலாறு சுவையானது. கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் அமைந்த இந்நகருக்கு அருகே பேராறு ஏதும் இல்லை. முற்காலத்தில் ஏரிகளும் கிணறுகளுமே நீர் தந்தன. 1890-களில் அர்க்காவதி ஆற்றின்மீதுள்ள ஹெசரகட்டா ஏரியிலிருந்து குழாய்நீர் வரத் தொடங்கிற்று. 1933-இல் திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கம் எழுந்தது. அதுவும் போதாமற் போகவே, காவிரி நீரைக் கொணரும் திட்டத்தின் முதற் கட்டம் 1974-இல் நிறைவேறிற்று. ஐந்தாம் கட்டம் 2024 அக்டோபரில் தொடங்கி வைக்கப்பட்டது. ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, 500 மீட்டர் அளவுக்கு மேடேற்றி, இந்நீரை இயந்திரங்கள் இறைத்துத் தருகின்றன. மேட்டூருக்கும் தஞ்சைக்கும் பாயும் அதே காவிரியின் நீர்தான் பெங்களூர்க் குழாயிலும் வருகிறது.

காவிரி நீர் பெரும்பாலும் மிதமான கடினத்தன்மை உடையது. செர்ரி இறாலுக்கு ஏறக்குறைய அப்படியே பொருந்தும். ஆனால் நகரம் முழுவதும் காவிரி நீரையே குடிக்கவில்லை. புறநகர்ப் பகுதிகளில் ஆழ்துளைக் கிணறுகளையும் தண்ணீர் லாரிகளையுமே நம்பியிருப்போர் பலர். 2024-ஆம் ஆண்டுக் கோடையில் அக்கிணறுகளும் வற்ற, நகரம் பட்ட பாட்டை இங்கே வாழ்வோருக்கு நினைவூட்ட வேண்டுவதில்லை. பாறை இடுக்குகளில் நெடுங்காலம் தங்கியிருந்த அந்த நிலத்தடி நீரில் கால்சியம், மக்னீசியம் முதலிய உப்புகள் மிகுதி. குளியலறைக் குழாயில் வெண்மையாகப் படியும் படலமே அதற்குச் சாட்சி.

சிக்கல் இதோடு முடிவதில்லை. பல குடியிருப்புகளில் காவிரி நீரும் கிணற்று நீரும் லாரித் தண்ணீரும் ஒரே நிலத்தடித் தொட்டியில் கலக்கின்றன. இன்று குழாயில் வருவது 6 டிகிரி நீராக இருக்கலாம். அடுத்த வாரம் வருவது 18 டிகிரியாக இருக்கலாம். கண்ணுக்கும் நாவுக்கும் பெரிய வேறுபாடு தெரியாது. இறாலுக்கோ, ஒரே வீட்டில் இருந்தபடியே நாடு கடத்தப்பட்டது போன்ற நிலை. ஆகவே பெங்களூரில் இறால் வளர்ப்போர் கைக்கொள்ள வேண்டிய முதல் விதி இது: ஒவ்வொரு முறை தண்ணீர் மாற்றும்போதும், மாற்றப் போகும் தண்ணீரை அளக்காமல் தொட்டியில் ஊற்றாதீர்கள்.

இப்போது முன்னர்ச் சொல்லி விட்ட நுட்பத்துக்கு வருவோம். கடினநீரின் தொல்லை தாங்காமல் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் நீரை மென்மையாக்கும் இயந்திரங்களைப் பொருத்துகின்றனர். சவர்க்காரம் நன்றாக நுரைக்கிறது, குழாய் அடைபடுவதில்லை. ஆனால் அவ்வியந்திரம் உப்பை அகற்றுவதில்லை, உப்பை மாற்றுகிறது. உள்ளே இருக்கும் பிசின் மணிகள் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு, அவற்றுக்கு ஈடாகச் சோடியத்தை நீரில் விடுகின்றன. அதனால் மீட்டரில் பார்த்தால் மொத்த உப்பு முன்போலவே 700 என்று காட்டும். கடினத்தன்மையைச் சோதித்தால் சுழியத்தை ஒட்டி நிற்கும். ஓட்டுக்கு வேண்டிய கால்சியம் இல்லை. வேண்டாத சோடியமோ நிறைய உண்டு. மீட்டரை மட்டும் நம்புகிறவர் 'உப்பு இருக்கிறது, ஆகவே தாதுவும் இருக்கிறது' என்று எண்ணுவார். இறாலோ ஓடு இறுகாமல் மடியும். இத்தகைய வீடுகளில் இறால் தொட்டிக்கு மென்மையாக்கிய நீரை நேரே பயன்படுத்தலாகாது. சில குடியிருப்புகளில் தோட்டக் குழாய்க்கு மட்டும் மென்மையாக்காத நீர் வருவதுண்டு. மேற்பார்வையாளரைக் கேட்டு அதனைப் பெறலாம்.

இனி நீரைத் திருத்தும் முறைகள். அவை மூன்று, எளியது முதல் நுட்பமானது வரை வரிசையாகச் சொல்வோம்.

காவிரி நீர் ஒழுங்காக வரும் வீடுகளில் செர்ரி இறால் வளர்ப்பவர் பெரிய முயற்சி ஏதும் செய்ய வேண்டுவதில்லை. அந்நீரில் கிருமி நீக்கத்துக்காகச் சேர்க்கும் குளோரினை மட்டும் போக்க வேண்டும். வாளியில் பிடித்து, காற்றுக்குமிழி விடும் கருவியை இட்டு, ஒரு நாள் முழுவதும் வைத்திருந்தால் குளோரின் பெரும்பாலும் அகன்றுவிடும். அவசரமாயின், புகைப்படக்காரர்கள் 'ஹைப்போ' என்று வழங்கும் சோடியம் தயோசல்பேட்டின் சிறு படிகங்கள் இரண்டு, மூன்று ஒரு வாளிக்குப் போதும்.

கிணற்று நீர் மட்டுமே கிடைக்கும் வீடுகளில் கலப்பு முறை ஏற்றது. சமையலறையில் உள்ள ஆர்.ஓ. இயந்திரத்தின் நீரில் உப்பு மிகக் குறைவு. ஆகவே அதனைக் கிணற்று நீரோடு கலக்கலாம். கணக்கு எளிது. கிணற்று நீர் 20 டிகிரி. நமக்கு வேண்டியது 7 டிகிரி. இருபதில் ஏழு பங்கு கிணற்று நீர், பதின்மூன்று பங்கு ஆர்.ஓ. நீர். அதாவது 20 லிட்டர் வாளியில் 7 லிட்டர் கிணற்று நீரும் 13 லிட்டர் ஆர்.ஓ. நீரும் ஊற்ற வேண்டும். கார்பனேட் கடினத்தன்மையும் அதே விகிதத்தில் 15-லிருந்து ஏறத்தாழ 5-க்கு இறங்கும். சில இயந்திரங்கள் சுவைக்காகத் தாது சேர்த்தோ, வடிகட்டாத நீரைச் சிறிது கலந்தோ தருகின்றன. ஆகையால் அந்நீரையும் ஒரு முறை அளந்து பார்ப்பது நலம். ஆர்.ஓ. இயந்திரம் கழித்து விடும் நீரை வீணாக்காமல் தரை துடைக்கவும் கழிப்பறைக்கும் பயன்படுத்த வேண்டும். தண்ணீருக்கு அலைந்த நகரத்தில் நம் பொழுதுபோக்கு பிறர் தாகத்தின்மேல் நிற்கலாகாது.

மூன்றாவது முறை, உப்பற்ற ஆர்.ஓ. நீரை எடுத்து, வேண்டிய தாதுக்களை நாமே அளந்து சேர்ப்பது. கடைகளில் இதற்கென்று ஆயத்தத் தாதுப்பொடிகள் விற்கின்றன. வீட்டிலேயே செய்ய விரும்புவோர்க்கு மூன்று பொருள்கள் போதும்: கால்சியத்துக்கு ஜிப்சம், மக்னீசியத்துக்கு மருந்துக் கடையில் கிடைக்கும் பேதி உப்பு, கார்பனேட்டுக்கு ஆப்பசோடா. செர்ரி இறாலுக்கு 20 லிட்டர் நீரில் ஜிப்சம் 2.8 கிராம், பேதி உப்பு 1.3 கிராம், ஆப்பசோடா 1.8 கிராம் சேர்த்தால், மொத்தக் கடினத்தன்மை 6 டிகிரியும் கார்பனேட் கடினத்தன்மை 3 டிகிரியும் கிடைக்கும். தேனீ இறாலுக்கு ஜிப்சம் 2.3 கிராம், பேதி உப்பு 1.1 கிராம் போதும். கடினத்தன்மை 5 டிகிரி ஆகும். அதற்கு ஆப்பசோடா கூடாது. வயலுக்கு இடும் ஜிப்சமும், சுவருக்குப் பூசும் சாந்தும் ஆகா. உணவுத் தரமோ ஆய்வுக்கூடத் தரமோ உடையதையே வாங்க வேண்டும். நிறுப்பதற்குப் பொற்கொல்லர் தராசு போன்ற சிறிய நிறுவைக் கருவி வேண்டும். தேக்கரண்டிக் கணக்கு உதவாது. ஜிப்சம் மெல்லவே கரையும். ஓர் இரவு முழுவதும் காற்றுக்குமிழியால் கலக்கிவிட்டு, மறுநாள் அளந்து பார்த்துப் பயன்படுத்துக. எந்தப் பொடியையும் இறால் வாழும் தொட்டிக்குள் நேரே தூவலாகாது.

பி.எச். எண்ணைப் பற்றி ஒரு சொல். பலர் இந்த எண்ணைத் துரத்தியே தொட்டியைக் கெடுக்கின்றனர். எண் 8 என்று கண்டதும் எலுமிச்சைச் சாற்றையோ, அமிலத் திரவத்தையோ சொட்டு விடுகின்றனர். எண் இறங்குகிறது, மறுநாள் மீண்டும் ஏறி நிற்கிறது. மறுபடி அமிலம் விடுகின்றனர். நீரில் உள்ள கார்பனேட் அமிலத்தை விழுங்கிக்கொள்வதே இதற்குக் காரணம். கார்பனேட் கடினத்தன்மை என்பது நீரின் பொறுமை என்று கொள்ளலாம். அது உள்ளவரை நீர் தன் நிலையிலிருந்து அசையாது. நாள்தோறும் அமிலம் வார்த்து அந்தப் பொறுமையைத் தீர்த்துவிட்டால், ஒரு நாள் திடீரென்று எண் சரிந்து விழும். இறால்கள் அன்றே மடியும். ஆகவே அமிலத்தை நாடாமல், கடினத்தன்மையை முன் சொன்ன முறைகளால் சீராக்குக. பி.எச். எண் தானாகவே தன் இடத்தில் வந்து நிற்கும். செர்ரி இறாலுக்கு 6.8 முதல் 7.8 வரை எதுவாயினும் நன்றே. நிலையாக இருப்பதே முக்கியம். செடிகள் உள்ள தொட்டியில் பகலில் எண் சற்று உயர்வதும் இரவில் தாழ்வதும் இயற்கை. அது கண்டு அஞ்ச வேண்டுவதில்லை.

தேனீ இறாலுக்கு 5.5 முதல் 6.8 வரை வேண்டும். அதற்கென்று சுட்ட களிமண் உருண்டைகளால் ஆன தொட்டிமண் கிடைக்கிறது. அது கார்பனேட்டை ஈர்த்து நீரைச் சற்றே அமிலமாக வைத்திருக்கும். ஆனால் அம்மண்ணில் பெங்களூர்க் கிணற்று நீரை ஊற்றினால் அதன் ஆற்றல் விரைவில் தீர்ந்துவிடும். நாட்டு வாதுமை மரத்தின் உலர்ந்த இலையை இடுவதும் வழக்கம். மென்னீரில் அது சிறிது பயன் தரும். இறால்களும் அதனை விரும்பி மேயும். கடினநீரிலோ இலையால் நீர் தேநீர் நிறம் பெறுமேயன்றி எண் மாறாது.

தண்ணீர் சரியானாலும் தொட்டி பழகாமல் இறாலை விடலாகாது. உயிர்களின் கழிவிலிருந்து எழும் அம்மோனியாவை நுண்ணுயிர்கள் நைட்ரைட்டாகவும் பின் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அந்நுண்ணுயிர்கள் பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். நஞ்சான அம்மோனியாவின் பங்கு பி.எச். 7-இல் இருப்பதைவிட 8-இல் ஏறத்தாழ பத்து மடங்கு. ஆகவே காரநீர் மிகுந்த வீடுகளில் இந்தப் பொறுமை இன்னும் இன்றியமையாதது. பதறாத காரியம் சிதறாது என்பது பழமொழி.

இறாலை வாங்கி வந்த அன்று அதனை உறையோடு கொட்டிவிடாதீர்கள். கடைத் தண்ணீரோடு ஒரு பாத்திரத்தில் விட்டு, மெல்லிய குழாய் வழியாகத் தொட்டி நீரைச் சொட்டுச் சொட்டாக இறக்குக. மருத்துவமனையில் குளுக்கோஸ் ஏற்றுவதைப் போல என்று கொள்க. இரண்டு மணி நேரத்தில் பாத்திரத்து நீர் மூன்று மடங்கானால், இறாலை வலையால் எடுத்துத் தொட்டியில் விடலாம். பின்னர் வாரத்துக்குப் பத்தில் ஒரு பங்கு நீரை மட்டும் மாற்றினால் போதும். வெயில் காலத்தில் நீர் ஆவியாகிக் குறையும்போது, உப்பு ஆவியாவதில்லை. நீர் குறையக் குறைய உப்பு செறிகிறது. ஆகவே குறைந்த அளவை நிரப்புவதற்குத் தாது சேர்க்காத ஆர்.ஓ. நீரையே ஊற்ற வேண்டும்.

இரண்டு எச்சரிக்கைகள். மீன் மருந்துகள் பலவற்றில் செம்பு கலந்திருக்கும். மீனுக்கு மருந்தாவது இறாலுக்கு நஞ்சு. செம்புப் பாத்திரத்தில் வைத்த நீரும் வேண்டா. அவ்வாறே கொசுவுக்கும் கரப்பானுக்கும் அடிக்கும் மருந்துகள் காற்றுக்குமிழிக் கருவி வழியாகத் தொட்டிக்குள் இறங்கி, பூச்சிகளின் உறவினமான இறாலைக் கொன்றுவிடும். தட்பவெப்பத்தில் மட்டும் பெங்களூர் வாசிகள் பேறு பெற்றவர்கள். செர்ரி இறாலுக்கு உகந்த 20 முதல் 26 டிகிரி செல்சியஸ் வெப்பம் இங்கே ஆண்டின் பெரும் பகுதியில் இயல்பாகவே அமைகிறது. சென்னையில் இருப்போர் இதற்கு ஏங்க வேண்டும்.

ஒவ்வோர் இறாலும் தன் நீரோடு பிணைந்தது என்பதற்குப் பெரிய சான்று ஒன்று உண்டு. நம் நாட்டு ஆறுகளிலும் வாழும் பெரிய நன்னீர் இறாலைக் குஞ்சு பொரிக்க வைக்கும் முயற்சி நெடுங்காலம் தோற்றுக்கொண்டே வந்தது. பொரித்த இளம் உயிர்கள் சில நாள்களில் மடிந்தன. மலேசியாவின் பினாங்கில் குளுகோர் என்னுமிடத்தில் ஷாவ்-வென் லிங் என்ற அறிஞர் 1961-இல் அதன் காரணத்தைக் கண்டார். தாய் நன்னீரில் வாழ்ந்தாலும், சேய்க்கு முதற் சில வாரங்களில் உவர்ப்பு கலந்த கழிமுக நீர் வேண்டும். நீரின் குணத்தில் இந்த ஒன்றைத் திருத்தியதும் ஒரு பெருந்தொழிலே பிறந்தது. காவிரியிலும் கொள்ளிடத்திலும் வாழும் ஆற்று இறாலுக்கும் இதே இயல்பு உண்டு. கழிமுகத்துக்கும் ஆற்றுக்கும் இடையே எழும் ஒவ்வொரு தடுப்பும் அதன் குலத்தைக் குறைக்கிறது.

இந்தோனேசியாவின் சுலாவேசித் தீவில் மத்தானோ என்ற மிகப் பழைய ஏரி ஒன்றிருக்கிறது. வெண்புள்ளிகளுடைய சிவந்த இறால் ஒன்று அங்கே மட்டும் வாழ்ந்தது. 2009-இல்தான் அறிவியலார் அதற்குப் பெயரிட்டனர். மனிதர் கொண்டு விட்ட 'பிளவர்ஹார்ன்' என்னும் அலங்கார மீன் அவ்வேரியில் பெருகியது. இன்று அவ்விறால் தன் ஏரியில் மிஞ்சியிருக்கிறதா என்பதே ஐயம். அயல்நாட்டுக் கண்ணாடித் தொட்டிகளில் அதன் சந்ததி வாழ்கிறது. பெங்களூர் ஏரிகளிலும் அயல்நாட்டு மீன்கள் முன்னரே குடிபுகுந்துவிட்டன. ஆகவே, வளர்த்துச் சலித்த இறாலையும் மீனையும் ஏரியிலோ காவிரியிலோ விடுவது புண்ணியம் என்று எண்ணாதீர்கள். அது அங்கேயே பிறந்து வளரும் உயிர்களுக்குச் செய்யும் கேடு. வேண்டாதவற்றை வளர்ப்போர் வேறொருவருக்குக் கொடுத்துவிடுங்கள்.

அன்பர்களே, சுருக்கமாகச் சொன்னால் செய்ய வேண்டியது இவ்வளவே. இறாலை வாங்குமுன் தண்ணீரை அளந்திடுக. இன்ன நாளில் இன்ன அளவு என்று ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதி வருக. அவ்வீட்டு நீருக்கு ஏற்ற இறாலைத் தெரிந்தெடுப்பது முதல் வழி. இறாலுக்கு ஏற்ப நீரைத் திருத்துவது இரண்டாம் வழி. எந்த வழியாயினும் மாற்றத்தை மெல்ல மெல்லச் செய்க. வீட்டுப் பிள்ளைகளை இப்பணியில் சேர்த்துக்கொண்டால், தாம் குடிக்கும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, அதில் என்ன கரைந்திருக்கிறது என்பதை அவர்கள் ஏட்டுப் படிப்பாக அன்றிக் கைப்பழக்கமாகவே கற்றுக்கொள்வர். ஓடு மாற்றி, முட்டை சுமந்து, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாததுமான குஞ்சுகளைத் தாய் இறால் தொட்டியில் உதிர்க்கும் நாள் வரும். அன்று குறிப்பேட்டை எடுத்து அன்றைய நீரின் அளவுகளை எழுதி வையுங்கள். இனி அந்தத் தொட்டியில் நீங்கள் காக்க வேண்டிய அளவுகள் அவையே.